பதினொரு மணித் தூக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ஒன்பது வீடு. முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆலைகள் மூடிய பிறகு உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் மலையாய்க் குவிகின்றன. வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க நாங்கள் நாலே பேர். நாங்களும் ஒப்பந்தக் கூலிதான். படிவத்தில் ஏழாவது கேள்வி: ‘வேலை தேடுகிறாரா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

மூன்றாவது மாடியில் ஒரு வெல்டர். பகல் பதினொரு மணிக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை! மனைவி எழுப்பப் போனாள். "வேண்டாம்மா, தூங்கட்டும்" என்றேன். ‘இல்லை’யில் குறி போட்டேன். வேறென்ன போட?

மதியம் வீட்டுக்கு வந்தால் என் தம்பியும் அதே கோலம். ஆலை மூடி மூன்று மாதம். பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது சண்டை. உதவிக்கு எழுதிப் போடட்டுமா என்று கேட்டான். "நம்ம வீட்ல ஒருத்தன் கையேந்தக் கூடாது. உழைக்காதவனுக்கு ஊர்ப்பணம் எதுக்குடா?" என்றேன்.

"ஆலையை நானாக்கா மூடினேன்? இருபது வருஷம் சம்பளத்துல வரி பிடிச்சாங்களே, அப்ப மட்டும் நான் ஊர்க்காரனா?"

அவன் கேட்டது நியாயம்தான். அதனால் இன்னும் கத்தினேன்.

மார்ச் 13, வியாழன்

வெல்டரின் விண்ணப்பம் தள்ளுபடி. இந்த வாரம் பதினாலு. மேலாளர் ‘பரவாயில்லையே’ என்றார். ஏனோ இனிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

துவைக்கும்போது தம்பியின் சட்டைப் பையில் சிமெண்டுத் தூள். ஒரு பிடி இருக்கும். "இது என்னடா?"

முதலில் மழுப்பினான். அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டான். தினமும் விடிகாலை நாலு மணிக்கே லாரி ஷெட்டுக்குப் போகிறானாம், மூட்டை இறக்க. "நூறு பேர் நிப்போம். பத்துப் பேரை எடுப்பான். மீதிப்பேர் வந்து படுத்துக்குவோம். டிப்ளமோ படிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே, உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் ஏழு மணிக்கு எழுகிறவள். மூடிய கதவைப் பார்த்துத் தினமும் திட்டியிருக்கிறேன். உள்ளே ஆளே இல்லை!

அவன் நிறுத்தவில்லை. "என் பக்கத்துல ஒரு வெல்டர் அண்ணன் நிப்பாரு. வயசாயிடுச்சுன்னு ஒரு மாசமா எடுக்கல. நின்னு நின்னு வந்து கண்ணசந்த நேரம் பார்த்து எவளோ வந்து உதவியையும் வெட்டிட்டுப் போயிட்டாளாம்."

எவளோ.

மார்ச் 17, திங்கள்

கண்ணால் காண்பதும் பொய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய்தானே இது?

மார்ச் 19, புதன்

மேலாளரிடம் திருத்த மனுவைப் பற்றிக் கேட்டேன். "சரிபார்த்தவங்களே தப்புன்னு கையெழுத்துப் போடணும்மா. உங்க பேர்ல குறிப்பு ஏறும். ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. என் சம்பளம் நின்றால் இரண்டு பேருக்கும் வாடகை யார் தருவது? ஒரு வெல்டருக்காக — சே, என்ன புத்தி இது.

மார்ச் 20

மனுவை எழுதவில்லை.

மார்ச் 21

வெல்டரின் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். நான் என்ன திருடியா?

மார்ச் 24, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘நான் விசாரிக்கவில்லை. எழுப்பவும் விடவில்லை.’ 

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். "அந்த எவளோ நான்தான்டா."

"தெரியும்க்கா. நீலப் பை, மூக்கு மேல கோபம்னு அவர் சம்சாரம் பார்த்த அடையாளத்தை அவர் சொன்னப்பவே தெரியும்."

அழுதேன். அவன் டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்துவிட்டான், தடியன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இன்றைய தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்தான் தம்பி.

ஏப்ரல் 11, வெள்ளி

வெல்டருக்குத் தொகை வந்துவிட்டதாம். இன்று நாங்கள் இருவரும் விண்ணப்பம் போட்டோம். வரிசையில் தலையைக் குனிந்துகொண்டே நின்றேன்.

ஏப்ரல் 23, புதன்

பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். புதுப் பெண், கையில் அதே படிவம். தம்பி நாலு மணிக்குப் போய், வேலை கிடைக்காமல் ஒன்பதுக்குத் திரும்பிப் படுத்திருந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். பேனா ஏழாவது கேள்விக்கு வந்தது.

"எழுப்பறேன், ஒரு நிமிஷம்" என்றேன்.

"வேண்டாம்மா, தூங்கட்டும்."

வாசலை மறித்து நின்றுகொண்டு அவனை எழுப்பினேன்.