ஆணி அடிக்கக் கூடாத சுவர்

12 ஜூன் 2006
புதுவாயல்

காலிங் பெல் வாங்கிவிட்டேன். ஒயர் கிடையாது. பட்டனை இவருடைய கட்டிலோரம் ஒட்டிவிட்டு, மணியடிக்கும் டப்பாவை நாஷ்டா கடைக்கு எடுத்துப் போய்விடலாம். கடை ஐந்து வீடு தள்ளித்தான். வாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து இவருக்கு வாய் குழறுகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் நானாக எட்டிப் பார்த்தால்தான் உண்டு.

முபீனா சோழவரத்திலிருந்து போன் செய்தாள். "கடைய மூடிட்டு வாப்பாவ இட்டுக்கினு இங்க வந்துடு உம்மா. நோன்பு வரைக்கும் பாப்பேன். அப்புறம் வண்டியோட வந்து நிப்பேன்."

மகள் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்கு இனிக்கும்? சிப்காட் ஆட்கள் என் இட்லியைத் தின்றுவிட்டுத்தான் காலை ஷிப்டுக்குப் போகிறார்கள். கடையை விடமாட்டேன்.

14 ஜூன்

கடையிலிருந்து வந்தால் இவர் தரையில் கிடக்கிறார். பட்டன் கட்டிலுக்கு அடியில். விழுந்ததை எட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார். எத்தனை நேரமாக அப்படிக் கிடந்தாரோ — கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வடை சுட்ட எண்ணெய்க் கையோடு டேப்பைத் தொட்டால் எப்படி ஒட்டும்? எனக்கு எங்கே போனது புத்தி?

15 ஜூன்

ஆணி அடிக்க வழியில்லை. வீட்டுக்காரர் தணிகாசலம் முதல் நாளே சொன்னது: "பையன் கல்யாணத்துக்கு அடிச்ச பெயிண்டும்மா. ஒரு ஆணி எறங்கக் கூடாது."

துளசிராமன் அண்ணன் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "சொவுரு இன்னா, சுண்ணாம்பா பெயிண்டா?" என்று கேட்டுவிட்டு ஒரு தடித்த ஃபோம் டேப்பைத் தந்தார். "யானைய ஒட்னாலும் நிக்கும்."

நிற்கிறது.

3 ஜூலை

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் மேரி, பட்டனை நான்கு விரல் மேலே மாற்றச் சொன்னாள். வலக்கையால்தான் அழுத்த வேண்டுமாம். கை உயர உயர, பட்டனும் மேலே போக வேண்டுமாம்.

பிடித்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் கூடவே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் வாடகைக்கு வந்து நிற்கிறார்.

"இதுக்கு ஆணியே அடிச்சிருக்கலாமேம்மா!" அப்புறம், "இன்னொரு தபா டேப்பு ஒட்னா ஊட்ட காலி பண்ணிக்கோங்க."

5 ஜூலை

துளசிராமன் அண்ணனிடம் சண்டை போட்டேன். "ஒட்டவும் வேணும்ணே, உடவும் வேணும். யானைய இன்னாத்துக்கு நான் ஒட்டணும்?" சிரித்துவிட்டு மூன்று விதத்தில் ஒவ்வொரு துண்டு கொடுத்தார்.

பீரோவுக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில் துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூன்றையும் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பூட்டு.

7 ஜூலை

வெள்ளை டேப் பூட்டோடு விழுந்துவிட்டது.

13 ஜூலை

தணிகாசலத்தை நானே கூப்பிட்டேன். மறைத்துச் செய்தால்தானே பேஜாரு. சாம்பல் நிற டேப் இழுத்ததும் கழன்றது, ஆனால் பசை சுவரில் பிசுபிசுவென்று கறுப்பாக நின்றுவிட்டது. அவர் முகம் போன போக்கு!

கடைசித் துண்டின் வாலைப் பிடித்து, என் பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டியே மெல்லக் கீழே இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வந்து கழன்றது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலியே... பாய்க்குத்தான? ஒட்டிக்கோ."

10 ஆகஸ்ட்

மேரி சொன்னபடி பட்டன் மறுபடியும் நான்கு விரல் மேலே. எட்டவில்லை. இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — வேண்டுமென்றே வைத்துப் படுத்துகிறாள் என்று நினைக்கிறாரோ? நினைக்கட்டும். கடையில் சட்னி அரைக்கும்போது கண்ணில் நீர். மிளகாய் என்று சொல்லிவிட்டேன்.

16 ஆகஸ்ட்

மணி அடித்தது. மாவுக் கையோடு ஓடினேன். ஒன்றும் வேண்டாமென்று தலையசைத்தார். வலக்கை பட்டன் மேலேயே இருக்கிறது. என்னெதிரே இன்னொரு தடவை அழுத்திக் காட்டினார்.

கடையில் தோசை தீய்ந்தது. போகட்டும்.

8 செப்டம்பர்

சுவரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடக்கிறார். பேச்சுதான் இன்னும் வரவில்லை.

20 செப்டம்பர்

முபீனா வெள்ளிக்கிழமை வருகிறாளாம், வண்டியோடு. "நடக்கறாரு சரி உம்மா. உளுந்தா கூப்பிடக்கூட வாய் வரலியே" என்கிறாள். "வாப்பாவையே கேட்டுக்கோ" என்று வைத்துவிட்டேன். வாய் வராதவரைக் கேட்கச் சொன்ன என்னை என்ன சொல்ல? இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

22 செப்டம்பர், வெள்ளி

கடையைச் சீக்கிரம் மூடி, மணி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கட்டிலோரச் சுவரில் பட்டனைக் காணோம். சுவர் துடைத்தாற்போல் இருந்தது. ஜன்னலில் இருந்த மிச்ச டேப்பில் ஒரு துண்டு குறைகிறது. இவர் கூடத்து நாற்காலியில், ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

தொழுகை முடிகிற நேரத்துக்கு வெளியே வண்டிச் சத்தம். என் பைக்குள் மணி அடித்தது.

வாசலில் முபீனா. நான் பார்க்காமலே தாண்டி வந்த நிலைக்கட்டையில், தோளுயரத்தில் பட்டன். விரலை அதிலேயே வைத்துக்கொண்டு, "யாரு இத இங்க ஒட்னது?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. தேய்ந்துதான் வந்தது, ஆனால் புரிந்தது.

"வா முபீனா. உள்ள வா."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று அழுதாள்.

சாயங்காலம் வண்டி அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டேன்.