தேய்த்த கல்லும் தேய்க்காத கல்லும்

பருத்தித்துறை
ஒக்டோபர் 12

அன்புள்ள மகள் ஷாமினிக்கு,

மூன்று வருடம் வாய்மூடி இருந்தது போதும் என்று எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான கோபம், மற்றப்படி குறையில்லை. கடலுயிர் ஆராய்ச்சிக்கென்று போன நீ அந்த நோர்வேக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். டிசம்பரில் வரும்போது வீட்டுக்கு வராமல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. காரணம் நான்தான் என்று வாயால் சொல்லவில்லை, சட்டி கழுவுகிற சத்தத்தில் தெரிகிறது.

கப்பல் எண்ணெய் கரை ஒதுங்கிய அந்தப் பெரிய வெள்ளியை நீ மறந்திருக்கமாட்டாய். உயிர்த்த ஞாயிறு விடியற்கால ஆராதனையைச் சபை கற்கரையில்தான் நடத்தும், வெள்ளை உடுப்போடு சனம் தாரில் எப்படி நிற்கும் என்று செயலாளர் அன்புராஜா என்னிடம் ஓடிவந்தார். நானும் தேவாலயத்துக் கிடாரங்களில் தண்ணீர் கொதிக்கவைத்து, சவர்க்காரத் தூளும் கம்பித் தூரிகையும் கொடுத்து, இரண்டு நாள் கல்லைத் தேய்ப்பித்தேன். சனிக்கிழமை நீ தொலைபேசியில், "அப்பா, கல்லிலை கை வையாதேங்கோ, சுடுதண்ணி ஊத்தினா தப்பியிருக்கிற உயிரும் செத்துப்போகும்" என்றாய். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "இருபத்தெட்டு வருசம் விலங்கியல் படிப்பிச்சவனுக்கு நீ படிப்பிக்க வேண்டாம்" என்று தொலைபேசியை வைத்தேன். பிறகு உன் அழைப்புக்கு நான் வரவேயில்லை. பிள்ளையிடம் தோற்பதைவிட ஊமையாக இருப்பது இலகுவாக இருந்தது.

கிழக்குப் பக்கக் கல்லில் பஞ்சலிங்கம் வலை காயப்போடுகிறவன், பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கும் அவனுக்கும் ஆகாது. "கல்லுக்கு முதுகு தேய்க்கிற ஆக்களை இப்பத்தான் பாக்கிறன், என்ரை பக்கம் ஒருத்தரும் வராதேங்கோ" என்று கயிறு கட்டி மறித்துவிட்டான். அவன் பக்கம் கறுப்பாகவே கிடந்தது. எங்கள் பக்கத்துச் சுத்தத்துக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

போன கிழமை கடல் வற்றிய நேரம் இரண்டு பக்கமும் முழச் சதுரம் அளந்து எண்ணினேன். அவன் பக்கத்தில் கல்லோடு ஒட்டி ஓடு கட்டி வளரும் கொட்டலசு நூற்றுப்பத்து, குடைபோல ஒட்டியிருக்கும் சிறு சிப்பி பதினேழு, நண்டுக் குஞ்சும் ஓடுகிறது. வெடிப்புகளில் இன்னும் தார் உண்டு, வெயில் ஏறினால் மணக்கும். எங்கள் பக்கத்தில் கொட்டலசு நான்கு, மற்றது முழுக்க வழுக்குகிற பச்சைப் பாசி. அந்தப் பாசியை மேய்ந்து கல்லை வெளியாக்க வேண்டிய சிப்பிகளை நாங்கள் அவித்துவிட்டோம். எண்ணெய் விட்டுவைத்ததை நான் கொன்றேன். இன்னும் எத்தனை வருடம் எடுக்குமோ தெரியாது, நீ சொன்னால்தான் தெரியும்.

நேற்று எங்கிருந்தோ தார்க்கட்டிகள் மறுபடி ஒதுங்கின. அன்புராஜா தூரிகைகளோடு வந்துவிட்டார். கட்டிகளைக் கையால் பொறுக்குவோம், கல்லைத் தேய்க்கக்கூடாது என்றேன். "அண்ணை, உது உங்கடை மகள் அண்டைக்குச் சொன்ன கதையல்லோ" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். "ஓம், அவள் சொன்னதுதான் சரி, நான்தான் பிழை" என்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த பஞ்சலிங்கம், "வாத்தியார் கடைசியா பாஸ் பண்ணிட்டார்" என்றான். அவனை நான் மன்னிக்கவில்லை.

வரும்போது அம்மாவின் முழங்காலுக்குப் போடுகிற இறுக்க உறை ஒன்று கொண்டுவா. கற்கரைக்குப் போனால் கிழக்குப் பக்கத்தில் பார்த்து மிதி, எல்லாம் இப்போதுதான் பிடித்திருக்கிறது. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வா என்று எழுதி, வெட்டிவிட்டேன். கீழே அப்பா என்று கையெழுத்து வைத்தால், வெட்டிய அந்த வரியையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு வந்து நிற்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். மூன்று வருடம் பேசாதவனுக்குக் கட்டளையிட உரிமையில்லை. ஆகையால் கையெழுத்தில்லாமலே இதை இன்றைய தபாலில் போடுகிறேன்.