மாடி வீட்டுக் கேசட்

பிப்ரவரி 3
மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிட்டது. சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்கிற அம்மாக்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். எல்லாரும் பிள்ளையைப் போருக்கு அனுப்பியவர்கள். இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

என் மகன் துரையும் அங்கேதான். அக்டோபரில் கடிதம் என்ற பெயரில் ஏதோ கிறுக்கி அனுப்பினான். அதோடு சரி. இங்கே இருந்தபோது மட்டும் என்ன, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவனுக்கு.

பிப்ரவரி 6
போன மாதம் மாடிக்குக் குடிவந்த அம்மா கேசட்டோடு வந்தாள். அவள் மகன் குண்டனும் பட்டாளத்தில்தான். அங்கே பேசி அனுப்ப ஆளுக்கு ஒரு கேசட் கொடுக்கிறார்களாம். கேட்டுவிட்டு, அதன்மேலேயே நம் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கட்டடத்தில் டேப் ரிக்கார்டர் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

குண்டன் வாய் ஓயவில்லை. பூட்ஸ் கடிக்கிறது, சமையல்காரன் சரியான திருடன். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அப்போது டேப்பில் அவனுக்குப் பின்னால் யாரோ, "டேய், கதவச் சாத்துடா. குளிருது" என்றான்.

துரை. என் துரை.

பிப்ரவரி 7
பதில் பதிவதற்கு முன்னால் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிக் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் தடவை சந்தேகமே இல்லை. அதே எரிச்சல், அதே இழுவை. திரும்பத் திரும்பப் போட்டதில் இப்போது எவனோ பேசுகிற மாதிரி இருக்கிறது. பெற்ற பிள்ளையின் குரல் கூடவா தெரியாது?

குண்டனிடம் விசாரிக்கச் சொல்லலாம். அப்படி ஒருத்தன் இங்கே இல்லை என்று வந்துவிட்டால்? வேண்டாம். இப்போதைக்கு உயிரோடு இருக்கிறான். அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு
மாடி வீட்டம்மா பதில் பேச வந்தாள். அழிக்காதே என்று எந்த வாயால் சொல்வது? அங்கே ஒருவன் அம்மா குரலுக்குக் காத்திருக்கிறான். நானே பட்டனை அழுத்தினேன்.

அவள் குழாயில் தண்ணீர் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ—"டேய் துரை, இருக்கியாடா?" என்று கத்திவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். டேப் ஓட ஓட எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்படின்னா இன்னும் கிட்ட வந்து சொல்லுங்கண்ணே. அவன் காதுல நல்லா விழட்டும்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

பிப்ரவரி 24
தபால் இல்லை.

மார்ச் 3
கால் வலி. கடைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தேன். தபால்காரர் பக்கத்து வீட்டோடு திரும்பிவிட்டார்.

மார்ச் 13
கேசட் வந்தது. குண்டன் இந்தத் தடவை வளவளக்கவில்லை. துரை என்கிற ஆள் அவன் பிரிவில் யாரும் இல்லையாம். கதவைச் சாத்தச் சொன்னவனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான்.

அந்தப் பையன் கனைத்துக்கொண்டான். பிறகு, "மாமா, அது என் குரலுங்க. மன்னிச்சிருங்க" என்றான்.

துரை மாதிரியே இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

மாடி வீட்டம்மா கேசட்டை எடுக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான்? நான்தானே அவனைப் பிடித்து என் பிள்ளையாக்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு
அவள் பேசி முடித்ததும் மைக்கை என் பக்கம் தள்ளினாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். தள்ளிய மைக்கை அவள் திரும்ப எடுக்கவில்லை.

"தம்பி, மன்னிப்பெல்லாம் கேக்காத. நீ இருக்கேன்னு உங்க அப்பாவுக்கு எழுதினியா? எழுதலேன்னா இப்பவே உக்காந்து எழுது" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். அவள் அவசரமாக டேப்பை நிறுத்தினாள். அழுதது பதிந்துவிட்டதா என்று போட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. அப்படியே அனுப்பிவிட்டோம்.