திங்கட்கிழமைக்குள் ஒரு கையெழுத்து

ஜூலை 3, 2025. வியாழன்

படாளம் லைனில் இன்று மூன்று மின்கம்பம் ஏறினேன். ஒன்றிலும் கவனம் இல்லை. கீழே நின்ற சதாசிவம், "அண்ணாத்த, கையப் பாத்து வையி" என்று இரண்டு முறை கத்திவிட்டான்.

திங்கட்கிழமை செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. பூங்கொடி தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பி மணிக்குக் கொடுக்கப் போகிறாள். எல்லாப் பரிசோதனையும் பொருந்திவிட்டது. புருஷன் என்ற முறையில் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மணிக்கு இருபத்தொன்பது வயது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், முகமெல்லாம் வீக்கம். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் எனக்குக் கை வரவில்லை.

ஜூலை 4. வெள்ளி

"ரெண்டு நாள் மாமல்லபுரம் போலாமா?" என்றேன்.

"இப்பவா? இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

எங்கள் பாப்பாவை என் அம்மா பார்த்துக்கொள்வாள். பன்னிரண்டு வருஷத்தில் பூங்கொடியை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. இப்போது மட்டும் ஏன்? அங்கே வைத்து அவள் மனதை மாற்றிவிடலாம் என்றுதான். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

ஜூலை 5. சனி

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே லாட்ஜ். சொந்த மாவட்டம்தான், ஆனால் ஒரு தெருவும் தெரியவில்லை. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தேடிப் போய், மூன்று தரம் அதே சிற்பிகள் தெருவில் வந்து நின்றோம். எங்கே திரும்பினாலும் உளிச்சத்தம். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீ வாங்கினேன், பாதியில் எழுந்தேன்.

"இன்னாயா, குந்துனா ஆகாதா உனுக்கு?" என்றாள்.

கடையில் மீன் வறுக்கும் அம்மா ஒருத்தி எங்களைப் பார்த்து, "புதுசா கண்ணாலம் ஆச்சா?" என்று கேட்டாள். பூங்கொடி சிரித்தாள். ஒரு மாதத்தில் இதுதான் முதல் சிரிப்பு. சொல்ல வந்ததை மீனோடு விழுங்கினேன்.

நாலு மணிக்குக் கடற்கரையில் ஆரம்பித்தேன். "உனுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாப்பாவுக்கு யாரு கீறா?"

"நீ டெய்லி கம்பம் ஏறுற. அதுக்கு என்னிக்காவது என்னாண்ட யாராச்சும் கையெழுத்துக் கேட்டாங்களா?"

எழுந்து போய்விட்டாள். அவள் போன் என் பையில்.

கோயில் வாசல், கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு - எல்லா இடமும் ஓடினேன். ஒரு போலீஸ்காரர், "என்ன கலர் புடவை?" என்றார். எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தவள். என்ன கலர்? தெரியவில்லை.

ஆறு மணி வாக்கில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள்.

"பயமா கீதுயா" என்றாள். "நீ போட மாட்டேன்னு சொல்லிட்டா தேவலன்னு நெனச்சிகினு இருந்தேன். பழி உன்மேல போயிடும். மணி மூஞ்சிய பாத்து என்னால சொல்ல முடியாது."

நான் எதிர்பார்த்தது இதைத்தானே? அப்படியானால் ஏன் சந்தோஷம் வரவில்லை?

ஜூலை 6. ஞாயிறு

காலையில் ஐந்து ரதம். கூட்டம் வருமுன்பே போய்விட்டோம். கல் யானைக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்: "வாணாம்னா சொல்லு. நான் போட மாட்டேன்னு கமிட்டில சொல்லிடறேன். மணி என்னத் திட்டட்டும். உங்கம்மா என் மூஞ்சிலயே முழிக்க வாணாம். நீ கெஞ்சினன்னும் நாந்தான் கேக்கலன்னும் சொல்லிக்க."

வெகு நேரம் என்னைப் பார்த்தாள். "மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

நாள் முழுக்க அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். எந்தத் தெருவென்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒன்று மட்டும் சொன்னாள். "மதுராந்தகம் ஏரில மணிக்கு நீச்சல் கத்துக் குடுத்தது நாந்தான். என் கழுத்தப் புடிச்சிகினு வுடவே மாட்டான்."

நாளை என்ன சொல்லப் போகிறாள்? கேட்கத் தைரியம் இல்லை.

ஜூலை 7. திங்கள்

கமிட்டி டாக்டர் முதலில் அவளைத்தான் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?

"இல்ல சார். நான் வாணாம்னா, தான்தான் முடியாதுன்னதா சொல்லிக்கக்கூட இவுரு ரெடியா இருந்தாரு. நாந்தான் குடுக்கறேன்."

குரல் நடுங்கவில்லை. டாக்டர் தாளை என் பக்கம் நகர்த்தினார். போட்டேன்.

ஜூலை 29. செவ்வாய்

ஆபரேஷனுக்கு இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம். இன்னும் யாரும் வெளியே வரவில்லை.

அக்டோபர் 12. ஞாயிறு

மணி சாப்பிட வந்தான். முகத்தில் வீக்கம் இல்லை. காலையிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை.

"ஒரு சிட்டிகை உப்பு போட்டா இன்னாக்கா?"

"போட மாட்டேன். உனுக்குள்ள கீறது என்னுது. நான் சொல்றதக் கேளு."

அவன் போனதும் பூங்கொடி படுத்தாள். இடப்பக்கம் ஒருக்களித்தால் இன்னும் வலிக்கிறது. வலப்பக்கம்தான் படுக்க முடியும். இத்தனை வருஷமாகக் கட்டிலில் நான் அவளுக்கு இடப்பக்கம்; இப்போது எனக்கு அவள் முதுகுதான் தெரிகிறது.

இன்று என் தலையணையை எடுத்து வலப்பக்கம் போட்டுக்கொண்டேன்.