பழைய கையெழுத்து

ஒக்டோபர் 9, புதன்

காலையில் மழை. லிட்கம் ஸ்டேஷன் வரை நனைந்தேன், குடை வீட்டில். கோடைக்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி மூன்று நாள். மைக்ரோவேவில் இன்னும் பழைய நேரம். அதை மாற்றுவது இவருடைய வேலை.

இன்று செய்ய வேண்டியவை: பல் டொக்டருக்கு போன். மகள் அபிக்கு மோர்மிளகாய். அமெரிக்க வாக்குச் சீட்டு தபாலில்.

சீட்டில் நீள்வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். என் கை "1" என்று எழுதிவிட்டது. போன மாதம் இங்கே கவுன்சில் தேர்தலுக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 போட்ட பழக்கம். ஈமெயிலில் வந்த சீட்டு, மறுபடி பிரிண்ட்.

லாபில் கூட வேலை செய்யும் மீனா, மதுரைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "அமெரிக்காவ விட்டு வந்து பத்து வருஷம் ஆச்சு, இன்னும் அங்க ஓட்டுப் போடறீங்களாக்கா? இங்க போடலைன்னா ஃபைன். அங்க போடலைன்னா ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்களாமே!"

குடியுரிமை இருக்கிறது, போடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கடைசியாக இருந்த அமெரிக்க வீட்டு விலாசத்தில்தான் வாக்கு. எங்களுக்கு அது நாங்கள் விற்ற வீடு. பட்டியலில் நானும் இவரும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம்.

உறையில் கையெழுத்து: வதனி செல்லையா. அப்பாவின் பெயர். இவர் மேல் தை மாதம் வந்த கோபத்தில் வங்கி முதல் நூலகம் வரை அப்படி மாற்றினேன். இவர் அமெரிக்கா திரும்பிப் போய்ப் பதினான்கு மாதம். "எனக்குக் கொஞ்சக் காலம் தனிய இருக்க வேணும், வதனி." கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 12, சனி

வெயில். உடுப்புத் தோய்த்தேன். பட்டியல் பார்த்தேன்.

எங்கள் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் ஒளிவுமறைவு இல்லை. இணையத்தில் யார் பெயரைத் தட்டினாலும் விலாசம், பதிந்த கட்சி, எந்தெந்தத் தேர்தலுக்குப் போனார், எல்லாம் வரும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் வராது. சனிக்கிழமைகளில் இவர் பெயரைத் தட்டுவேன். ரவீந்திரன் கந்தையா. பழைய வீடு. கழுதைச் சின்னக் கட்சி. அங்கேயே தங்குவதென்றால் விலாசத்தை மாற்றியிருப்பார். மாற்றவில்லை. ஆகவே வருவார்.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. விசர் என்பார்கள்.

ஒக்டோபர் 19, சனி

மாறிவிட்டது.

வேறு ஊர், வேறு வீதி. கட்சி: யானை, கழுதைக்கு நேர் எதிர். இன்னொரு ரவீந்திரன் கந்தையாவாக இருக்கும் என்று பழைய வீட்டைத் தேடினேன். அங்கே நான் மட்டும்.

கழுதைக்காக ரீவியோடு சண்டை பிடித்த மனிதர். யானைக்குப் போடுகிறவர் வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று என்னைத் தனியே அனுப்பியவர். கட்சி தாவுவது மந்திரிமார் செய்யும் வேலை என்று இருந்தேன்.

குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் அபிக்கு போன் எடுத்தேன். விலாசம் மாறியதைச் சொன்னேன்.

"அம்மா, ஐ நியூ. அப்பா ஜூனிலயே சொன்னவர். தேர் இஸ் சம்வன்."

"ஆர் அவ?"

"ப்ளீஸ் அம்மா. சாப்பிட்டீங்களா?"

ஜூன். அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் குசினிக் கதிரையில் இருந்து தோசை சாப்பிட்டுப் போனாள். அவளைக் கோபிக்க முடியவில்லை. குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், வீட்டில் கேட்பதற்கு ஒருவரும் இல்லாதபோதும்.

ஒக்டோபர் 24, வியாழன்

இவர் என்று எழுதி வெட்டினேன். அவர். பழகவேண்டும்.

பல் டொக்டர் அடுத்த மாதம்தானாம்.

அமெரிக்கத் தேர்தல் அலுவலகத்தில் இருந்து ஈமெயில். உறையில் உள்ள கையெழுத்து எங்களிடம் இருக்கும் கையெழுத்தோடு பொருந்தவில்லை. இணைத்துள்ள படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பாவிட்டால் வாக்கு எண்ணப்படாது.

அவர்களிடம் இருப்பது: வதனி ரவீந்திரன்.

மீனாவிடம் எல்லாம் சொன்னேன். வாய் நீளக்காரி எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "விடுங்கக்கா. ஒரு ஓட்டுத்தானே. அந்தப் பேர இனிமே எதுக்கு எழுதணும்?"

அவள் சொல்வது சரி. விட்டுவிடலாம்.

ஒக்டோபர் 26, சனி

விடமுடியவில்லை. காலையில் வெங்காயம் உரிக்கும்போது கணக்குப் பார்த்தேன். அவர் யானைக்கு. நான் கழுதைக்கு. இருவரும் ஒரே மாநிலம். அவருடையதை என்னுடையது வெட்டும். ஆகமொத்தம் பூச்சியம். கட்சிப் பதிவு வேறு, வாக்கு வேறு என்பதும் தெரியும். உள்ளே போய் என்ன செய்கிறார் என்று யார் கண்டது. அந்த மனிதரின் உள்ளே என்ன என்று எனக்கு எப்போது தெரிந்தது.

இருபது வருடம் நான் கழுதைக்குப் போட்டதே அவர் சொல்லித்தான். "நான் போடுறதையே நீயும் போடு வதனி. வீட்டுக்கு ரெண்டு வோட்டு." என் கட்சி எது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுப் பார்க்கவில்லை. இந்தமுறையும் அந்தப் பழக்கத்தில்தான் கறுப்பாக்கினேன். அவர் சொன்னதற்கு இப்போது நான் ஒருத்திதான் போடுகிறேன்.

அவர் வாக்கை வெட்டுவதற்கு அவர் பெயரைத்தான் எழுதவேண்டும்.

ஒன்பது மாதமாக எழுதாத கை, பழகவேண்டும் என்று கரண்ட் பில்லின் பின்பக்கத்தை எடுத்துவைத்தேன். தேவைப்படவில்லை. படிவத்தில் முதல் தரமே வந்தது, கடைசி எழுத்தின் நீள வாலோடு. ஸ்கான் எடுத்து அனுப்பினேன்.

வெங்காயம் கருகிவிட்டது.

ஒக்டோபர் 30, புதன்

ஈமெயில். கையெழுத்து பொருந்துகிறது. வாக்கு ஏற்கப்பட்டது.

அபி கேட்டாள், "ஆர் யூ ஓகே?" ஓம் என்றேன். ஞாயிறு தோசைக்கு வருகிறாளாம். உழுந்து வாங்க வேண்டும்.

நவம்பர் 6, புதன்

சூடு. லாபில் ஏசி பழுது. அங்கே நேற்று இரவு, இங்கே மத்தியானம். எல்லாரும் போனில் முடிவு பார்த்தபடி. யார் முன்னணி என்று மீனா வந்து சொன்னாள். எங்கள் மாநிலத்தில் யார் என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு பார்சல்காரன். கையில் இருந்த மெஷினின் கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். அவன் மெஷினைத் திருப்பி வாங்கும்போதுதான் பார்த்தேன். வதனி ரவீந்திரன். வாலோடு.

அழிக்கலாமா என்று கேட்டேன். போய்விட்டது, முடியாது என்றான்.