எட்டு மணிக்கு ஏறி எட்டு மணிக்கே இறங்குவது

இல்போ,

டாக்ஸி வந்துவிட்டது, நீ தூங்குவதுபோல் நடிக்கிறாய். மீன் சூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மதியம் புகைபோக்கி துடைக்கிறவர் வருவார். ஏணி வைத்த அறைச் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.

நேற்று என் டிக்கெட்டைப் பார்த்து, "ஹெல்சிங்கில எட்டுக்கு ஏறி ஸ்டாக்ஹோம்ல எட்டுக்கே இறங்குறியா? அப்ப ஸ்வீடன் நம்ம அடுத்த தெருவா?" என்று நக்கலடித்தாய். நானூறு கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம். அவர்கள் கடிகாரம் ஒரு மணி பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். அதை மறந்துதானே, பிள்ளை பெற்ற மகளை நம் ஆறு மணிக்கு ஃபோனில் எழுப்பினாய்?

"அப்பா, இங்க அஞ்சு மணி! இப்பதான் குழந்தை கண்ண மூடுச்சு!" என்று ஹெல்வி கத்தினாள். அதற்கு இரண்டு மாதமாகவா முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய்? பேத்தியைப் பார்க்க நான் மட்டும் போகிறேன்.

ஹாரன் அடிக்கிறான். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

கெர்ட்டு

ரொட்டியை மூடி வை.

இன்னொன்று. சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டேன். புகைபோக்கிக்காரருக்கு உன் கைக்கடிகாரத்தைப் பார். சுவர்க் கடிகாரம் ஹெல்விக்கு. அது பத்தைக் காட்டும்போது ஃபோன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், அவள்தான் எடுப்பாள்.