கதவைத் தட்டச் சொன்ன அண்ணை

அண்ணை,

பார்க்கிங் நகரில் நீங்கள் இருந்த அறையைத் துப்புரவாக்கும்போது அந்தத் துருக்கி வீடியோ கசெற் அகப்பட்டது. உங்களுக்கு வேலை தந்த துருக்கி பேக்கரிக்காரர் கொடுத்த படம். அதன் பெயர் தெரிந்த ஒருவரையும் நான் இன்றுவரை காணவில்லை.

அதை நாங்கள் பார்த்தபோது நீங்கள் சிறையால் வந்து ஆறு மாதம் இருக்கும். எங்கள் இருவருக்கும் துருக்கி மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கதை விளங்கியது. சிறைமீண்ட ஒருவனை ஊரே ஒதுக்குகிறது. பழைய கூட்டாளிகள் மட்டும் களவுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போகிறான். உள்ளே அவளுடைய கலியாணம். ஜன்னலால் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறான்.

நீங்கள் எரிச்சலோடு எழும்பினீர்கள். "விசரன்! ஏன் திரும்பிப் போறான்? கதவைத் தட்டியிருக்கலாமே!"

அப்போதுதான் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். நடக்கவிருந்த என் கலியாணத்தில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைக்கும் தோழனாக நீங்கள் நிற்கக்கூடாது என்று மாப்பிள்ளையின் தாய், மாமி, சொல்லியிருந்தார். ஜெயிலுக்குப் போன கையாம்.

உங்கள் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் வரேல்லை. உன்ரை வாழ்க்கைதான் முக்கியம், பிள்ளை."

"இப்ப ஆர் திரும்பிப் போறது?" என்று கேட்டேன்.

உங்களுக்கு முன்னாலேயே மாமிக்குப் போன் எடுத்தேன். முன்பு நாங்கள் இருந்த அப்டன் பார்க் வீட்டில், கடிதம் போடும் கதவு ஓட்டையால் எரியும் துணியைத் தள்ளியவனை, நெருப்பைக் கையால் அணைத்துவிட்டுத் துரத்திப் பிடித்து, அவன் தாடையை உடைத்ததற்குத்தான் உங்களுக்கு இருபது மாதம். "நான் உயிரோடை இருக்கிறது அந்தக் கையாலைதான், மாமி. அண்ணை இல்லாட்டில் கலியாணம் இல்லை."

கலியாண மண்டபத்தில் பாதிப் பேர் உங்களோடு கதைக்கவில்லை. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் குனிந்து காலைக் கழுவினீர்கள். மாப்பிள்ளையான இவர் முறைப்படி உங்கள் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டு, கையை விடாமலே, "எழும்புங்கோ மச்சான்" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு வாசலிலும் தயங்கி நின்றதை நான் காணவில்லை.

போன மாதம் உங்கள் செத்தவீட்டில் ஒரு பெரியவர் பேசினார். "தம்பி கொஞ்சக் காலம் வெளியூரிலை இருந்தவர்" என்றார். நான் எழும்பி நின்றேன்.

"வெளியூரிலை இல்லை, ஐயா. ஜெயிலிலை. என்னைக் காப்பாற்றினதுக்காக."

பின்னால் யாரோ "உஷ்" என்றார்கள். நான் உட்காரவில்லை, அண்ணை. முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இனியும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், குரலைத் தாழ்த்தாமல்.